எந்த ரைஃபிள் வாங்கலாம் சித்தப்பா?

பட்டாளத்திலிருந்து வந்தவன் என்று தெரிந்தால் எங்கள் குண்டடம் பக்கம் இரண்டு விஷயம் கேட்பார்கள். ஒன்று கேன்டீன் பாட்டில். இன்னொன்று துப்பாக்கி. பாட்டில் விஷயத்தில் நான் யாருக்கும் பிரயோஜனமில்லாத ஆள். துப்பாக்கி விஷயத்தில் கொஞ்சம் பதில் சொல்ல முடியும். பதினெட்டு வருஷ சர்வீஸில் பாதிக்கு மேல் கோத்தில் கழித்தவன் நான். கோத் என்றால் ஆயுதம் வைக்கும் அறை. வெளியே வந்தபிறகு சொந்தமாக ஒரு ரைஃபிள் வாங்கி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்னொரு பதினெட்டு வருஷம் சோறு தின்றிருக்கிறேன்.

போன வருஷம் என் அண்ணன் மகன் இதே கேள்வியோடு வந்தான். "சித்தப்பா, ஒரு ரைஃபிள் வாங்கோணுங்க. ஒரு லட்சத்துக்குள்ள எது நல்லதுன்னு சொல்லுங்க." அவனுக்குச் சொன்னதைக் கோர்வையாக எழுதி வைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது. அதற்கு முன்னால் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1976-ல் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டரில் சேர்ந்தேன். அப்போது எங்கள் கையில் இருந்தது 7.62 எஸ்.எல்.ஆர். ஆனாலும் கோத்தில் பழைய .303-ம், பயிற்சிக்கான .22-ம் இருந்தன. இவை இரண்டும் போல்ட் ஆக்‌ஷன். புரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போல்ட் என்றால் நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள்தான். தூக்கி, பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெறும் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கை ஒருமுறை வேலை செய்ய வேண்டும். என்.சி.சி.யில் இருந்த பிள்ளைகள் .22-ல் இதைச் செய்து பார்த்திருப்பார்கள்.

1994-ல் ஹவில்தாராக வெளியே வந்தேன். பென்ஷன் வீட்டுச் செலவுக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோ. மானாவாரி நிலம் நாலு ஏக்கர், மழை பெய்தால் சோளம், இல்லாவிட்டால் கொறங்காடு. இரண்டு பையன்கள் பள்ளிக்கூடம். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஓகோவென்று ஓடிக்கொண்டிருந்த காலம். சனிக்கிழமை வாரச்சம்பளம்; அதற்கு வெள்ளிக்கிழமையே வங்கியிலிருந்து பணம் எடுப்பார்கள். அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க வங்கிகளுக்குத் துப்பாக்கியோடு காவலர்கள் தேவைப்பட்டார்கள். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் என் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வாக்கியம்: "சொந்தத் துப்பாக்கி இருந்தா கன்மேன், இல்லீன்னா வாட்ச்மேன்." இரண்டுக்கும் சம்பளத்தில் ஏறக்குறைய ஒரு மடங்கு வித்தியாசம்.

என்னைப் போன்ற மாஜி ராணுவத்தார் ஆயிரக்கணக்கானோர் இந்தியா முழுக்க இப்படித்தான் முதல் துப்பாக்கியை வாங்குகிறார்கள். வேட்டைக்கும் இல்லை, பகட்டுக்கும் இல்லை. தையல்காரர் தையல் மெஷின் வாங்குவது மாதிரி.

முதலில் உரிமம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் கையில் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே கூடாது. அப்போது குண்டடம் பெரியார் மாவட்டம், கலெக்டர் ஆபீஸ் ஈரோட்டில். மனுவைக் கொடுத்துவிட்டு வந்தால் அது தாலுகா ஆபீஸ், வி.ஏ.ஓ., போலீஸ் ஸ்டேஷன் என்று ஊர் சுற்றித் திரும்ப வேண்டும். எனக்கு பதினாலு மாதம் ஆனது. காங்கயம் போய் பஸ் மாறி ஈரோடு போய் வந்த கணக்கு மட்டும் பதினொரு தடவை. பட்ஜெட் போடுகிறவர்கள் துப்பாக்கி விலையை மட்டும் எழுதுகிறார்கள். பஸ் சார்ஜ், ஜெராக்ஸ், போட்டோ, உரிமக் கட்டணம், பூட்டிவைக்க இரும்பு பீரோ, தோட்டா, சுத்தம் செய்யும் கம்பியும் எண்ணெயும் எல்லாம் சேர்த்து எழுத வேண்டும். நானும் வீட்டுக்காரியும் உட்கார்ந்து போட்ட கணக்கில் துப்பாக்கிக்கென்று நின்றது 10,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா போனாலும் பையன் ஃபீஸில் கை வைக்க வேண்டியிருக்கும்.

கோவையில் உரிமம் பெற்ற டீலர் கடையில் நாலு ரகம் பார்த்தேன்.

முதலாவது, அரசுத் தொழிற்சாலையில் செய்த புத்தம்புது .315. கல்கத்தா பக்கம் ஈஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியின் சரக்கு. இந்த .315-க்கு ஒரு சரித்திரம் உண்டு. ராணுவம் பயன்படுத்தும் .303 தோட்டா ஜனங்கள் கையில் இருக்கக்கூடாது என்று வெள்ளைக்காரன் நினைத்தான். அதனால் ஆஸ்திரியாக்காரர்களின் பழைய 8 மில்லிமீட்டர் மேன்லிக்கர் தோட்டா .315 என்ற பெயரில் இந்தியாவில் புழக்கத்துக்கு வந்தது. வெள்ளைக்காரன் போனபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் .303 தடை செய்யப்பட்ட ரகம், .315 உரிமத்தில் கிடைக்கும். ஆக்‌ஷன் மட்டும் .303-க்கு இருக்கிற அதே லீ என்ஃபீல்ட் வழிதான். என் கைக்குப் பழகிய சாமான். ஆனால் வரியும் தோட்டாவும் சேர்த்தால் என் கணக்குக்குள் அடங்கவில்லை.

இரண்டாவது, ஒரு பழைய இங்கிலீஷ் .22. அழகான சாமான், தோட்டாவும் மலிவு. ஆனால் வங்கிக் காவலுக்கு .22-ஐ ஏஜென்சி ஏற்றுக்கொள்ளாது.

மூன்றாவது, வெளிநாட்டு .30-06, மௌசர் ஆக்‌ஷன். எண்பதுகளின் மத்தியில் தனியார் துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்திவிட்டது. அதற்குப்பிறகு இருக்கிற பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள்தான் கை மாறிக்கொண்டிருக்கின்றன. விலையும் ஏறிக்கொண்டே போகிறது. அவர் சொன்ன விலைக்கு எங்கள் ஊரில் அப்போது ஒரு வீட்டு மனை வாங்கலாம். பார்த்துவிட்டு, துடைத்து, திருப்பி வைத்தேன்.

நாலாவது, பழைய .315. ஆனைமலைப் பக்கம் ஒரு எஸ்டேட் குடும்பத்துடையது. வீட்டுக்காரர் காலமானபிறகு சட்டப்படி டீலரிடம் ஒப்படைத்திருந்தார்கள். புதுசின் விலையில் ஏறக்குறைய பாதிதான் சொன்னார். கட்டை முழுக்க அழுக்கு, போல்ட்டில் எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கிடந்தது. கூட வந்த நண்பர் "வேண்டாம் விடுங்க" என்றார். எனக்கு அழுக்கைப் பற்றிக் கவலையில்லை. அழுக்கைத் துடைத்துவிடலாம்.

பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது என்ன என்று கோத்தில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முதலில் போல்ட்டைத் திறந்து காலி என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் பார்க்க வேண்டும். யார் "காலிதான்" என்று சொன்னாலும் இது தப்பக்கூடாது. அடுத்து போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, முன்வாய் வழியாகக் குழலுக்குள் பார்க்க வேண்டும். உள்ளே சுருள் சுருளாக ஓடும் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். மலைப்பிரதேசத்துத் துப்பாக்கி என்றால் ஈரத்தில் துரு தின்று குழி விழுந்திருக்கும். மேலோட்டமான துரு போகும், குழி போகாது. பிறகு வாய் விளிம்பு. அது ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் தோட்டா நேராகப் போகாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் நம்பர். லீ என்ஃபீல்ட் வகையில் போல்ட்டை அந்தந்த உடலுக்குப் பொருத்திப் பார்த்துதான் போடுவார்கள். போல்ட் கைப்பிடியில் இருக்கிற நம்பரும் உடலில் இருக்கிற நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தால் யாரோ மாற்றிப்போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் பின்புறத்துக்கும் இடையில் இடைவெளி கூடிப்போனால், சுடும்போது கூடு கிழிந்து வாயு முகத்தில் அடிக்கும். கண் போகும். விலை எவ்வளவு குறைத்தாலும் நம்பர் சேராத துப்பாக்கியை வாங்கக்கூடாது. சேர்ந்திருந்தாலும் டீலரின் மெக்கானிக்கை கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்து டம்மி தோட்டா போட்டு மேகசினைப் பார்க்க வேண்டும். .315 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. மேலே இருக்கிற தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போய்விட்டால் மாட்டிக்கொள்ளும். அதை அடுக்கத் தெரியாமல் "துப்பாக்கி ஜாம் ஆகுது" என்று விற்பவர்களும் உண்டு. கடைசியில் கட்டை. கைபிடிக்கும் ஒல்லியான இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பார்த்தால் தெரியும்.

எஸ்டேட்காரர் ரைஃபிளில் நம்பர் சேர்ந்தது. குழல் துடைத்தபின் கண்ணாடி. கட்டையில் ஒரு கீறல் மட்டும். பேரம் பேசி, சொன்ன விலைக்கும் கொஞ்சம் கீழேயே முடித்தேன். மிச்சப் பணத்தில் பீரோவும் தோட்டாவும். மறுபடி ஈரோடு போய் உரிமப் புத்தகத்தில் நம்பர் ஏற்றிக்கொண்டு, அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன்.

வேலையில் பெரும்பாலோர் 12 போர் துப்பாக்கி வைத்திருந்தார்கள். ரவை சிதறும், தூரம் போகாது, கூட்டத்துக்கு அதுதான் சரி என்பார்கள். நியாயமான பேச்சுதான். நான் ரைஃபிளை எடுத்ததற்கு என் காரணம், கை இருட்டிலும் அதை அறியும் என்பது. பணியின்போது ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. பதினெட்டு வருஷமும் வெள்ளிக்கிழமைகளில் வங்கி வாசலில் நின்றேன், 2013-ல் வீட்டுக்கு வந்தேன். பெரியவன் டிப்ளமோ, சின்னவன் பி.காம். அந்த ரைஃபிள் செய்த வேலை அதுதான்.

இனி அண்ணன் மகன் விஷயம்.

எங்கள் பகுதியில் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வரைக்கும் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது கொஞ்ச வருஷமாக அதிகம். செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் மறியல் செய்து, அதற்குப்பிறகுதான் அரசு இழப்பீடு என்று பேச ஆரம்பித்தது. அவன் பட்டியில் ஒரே ராத்திரியில் பதினாலு செம்மறி போயிற்று. அதில் ஒன்பது சினை. நாய் தின்பதற்காகக் கொல்வதில்லை; ஒன்றைக் கடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். விடியற்காலை போய்ப் பார்த்தபோது கிளுவை வேலி ஓரத்தில் வரிசையாகக் கிடந்தன. உயிரோடு இருந்த இரண்டின் தொடை கிழிந்து தொங்கியது. அவன் அழவில்லை. அன்று சாயங்காலம் என்னிடம் வந்து ரைஃபிள் கேட்டான்.

கோபத்தில் கேட்கிறவனிடம் "வேண்டாம்" என்று சொன்னால் வேறு யாரிடமாவது போவான். காசு கொடுத்தால் கள்ளத்துப்பாக்கிக்கும் வழி காட்ட ஆள் இருப்பார்கள். அதனால் அவன் கேட்டபடியே உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன்.

"எதுக்கு கண்ணு வாங்கற? நாயச் சுடவா?"

"நாயுந்தானுங்க. மயிலு, பன்னி எல்லாந்தான் நாசம் பண்ணுது."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். மயில் 1963-லிருந்து தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. சுட்டால் குறைந்தது மூன்று வருஷம் ஜெயில். காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் அரசு ஒரு வழி சொன்னது: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வந்தால் சுடலாம், ஆனால் சுட வேண்டியது வனத்துறைக்காரர், நாம் இல்லை. நாய்க்கு 2023-ம் வருஷத்து விதிப்படி கருத்தடைதான். சுட்டுக்கொன்றால் புதிய தண்டனைச் சட்டம் 325-ம் பிரிவில் ஐந்து வருஷம் வரை போகும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று ஆயுதச் சட்டம் தனியாகச் சொல்வதுகூட வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கியைத்தான், ரைஃபிளை அல்ல.

"அப்ப ஆடு செத்தா மட்டும் சட்டம் எங்கீங்க போச்சு?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் கேட்டது நியாயம். நாய்களைப் பெருக விட்டவர்கள் வேறு யாரோ, ஆட்டை இழந்தவன் இவன்.

சட்டத்தைச் சொல்லி அவனை அடக்க முடியாது என்று தெரிந்தது. பொழுது சாய அவனை அவன் கொறங்காட்டுக்கே கூட்டிப்போனேன். ரைஃபிளை எடுத்துப்போகவில்லை. ஒரு மூங்கில் தடியை அவன் கையில் கொடுத்தேன். "இதுதான் உன்ற ரைஃபிளு. .315 தோட்டா எதுலயும் படாமப் போனா ரண்டு கிலோமீட்டருக்கு மேல போகும். .22 சின்னதுன்னு நெனைக்காத, அதுவே ஒரு கிலோமீட்டர் தாண்டும். இப்ப எந்தப் பக்கம் சுடுவேன்னு காட்டு."

வடக்கே நீட்டினான். அந்தப் பக்கம் மில் விடுதி. ஒடிசாவிலிருந்து வந்த பெண்பிள்ளைகள் ஷிஃப்ட் முடிந்து நடந்து வரும் பாதை. தடியை கிழக்கே திருப்பினான். தாராபுரம் ரோடு, பஸ் விளக்கு தெரிந்தது. தெற்கே எங்கள் வீடுகளே இருந்தன. மேற்கே காற்றாலை, அதன் அடியில் காவல்காரர் குடிசை, அவர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நம் ஊர் தட்டைப் பூமி. பட்டாளத்து ரேஞ்சில் பின்னால் மலை மாதிரி மண்மேடு இருக்கும். இங்கே வேலா மரத்தைத் தவிர தோட்டாவை நிறுத்த எதுவும் இல்லை.

பிறகு டார்ச்சை அடித்தேன். பட்டிக்குள் ஆட்டுக் கண்கள் பச்சையாக மின்னின. வேலிக்கு அப்பால் இன்னொரு ஜோடி மின்னியது. "அது என்ன?" என்றேன். "நாயிங்க" என்றான் உடனே. கிட்டே போய்ப் பார்த்தோம். பக்கத்துத் தோட்டத்துக் கன்றுக்குட்டி, கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருந்தது.

அவன் தடியை வேலியில் சாத்தி வைத்தான். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒரு லட்சத்தை என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். பட்டியைச் சுற்றி ஆறடி உயரத்துக்குக் கம்பிவலை, அடியில் ஓரடி மண்ணுக்குள் புதைத்து. நாய் தாண்டுவதைவிடப் பறித்துக்கொண்டு நுழைவதுதான் அதிகம். நாலு மூலையில் சோலார் விளக்கு. மிச்சத்தில் இரண்டு குட்டி நாய்கள், பட்டியிலேயே ஆடுகளோடு வளர. ஆடுகளுக்கு இன்சூரன்ஸ், காதில் தோடு. கால்நடை டாக்டரிடம் சான்று வாங்கி இழப்பீட்டுக்கு மனு. அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்குப்பிறகு பட்டிக்குள் சேதம் இல்லை. பகலில் மேய்ச்சலில் ஒரு குட்டி போயிற்று. முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். ஊராட்சிகளும் அரசும் நாய்க் கருத்தடையை ஒழுங்காக நடத்தினால் ஒழிய முழுத் தீர்வு வராது.

இதை எல்லாம் படித்தபிறகும் நிஜமான தேவை உள்ளவர்கள், என்னைப் போலப் பிழைப்புக்கோ, முறையான கிளப்பில் சேர்ந்து விளையாட்டுக்கோ வாங்குகிறவர்கள், இருப்பார்கள். அவர்களுக்குச் சில வார்த்தை. 2019 திருத்தத்துக்குப்பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். உரிமம் ஐந்து வருஷத்துக்கு. தனி ஆளிடம் நேரடியாக வாங்கினால், விற்பவர் எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் கழிந்தபிறகே கைமாற வேண்டும், அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டி வரும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். விளையாட்டுக்கு என்றால் முதலில் உரிமம் தேவைப்படாத .177 ஏர் ரைஃபிளில் ஒரு வருஷம் பழகுங்கள். மூச்சும் விரலும் படிந்தபிறகு .22. பட்ஜெட்டில் பாதியைத் துப்பாக்கிக்கு, மீதியைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் பூட்டுக்கும் என்று பிரியுங்கள்.

என் .315 இன்னும் பீரோவில் இருக்கிறது. உரிமம் அடுத்த வருஷம் முடிகிறது. எனக்கு 68 ஆகிறது. பையன்கள் இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில், அவர்களுக்கு இது வேண்டியதில்லை. நான் போனபிறகு அவர்கள் ஸ்டேஷனுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அலையக்கூடாது. அதனால் புதுப்பிப்பதில்லை என்று முடிவு செய்து, டீலரிடம் ஒப்படைக்கப் பேசியிருக்கிறேன். என்னைப் போல ஒருவன் டிஸ்சார்ஜ் புத்தகமும் குறைந்த பணமுமாக அந்தக் கடைக்கு வருவான். கட்டையில் ஒரு கீறல் இருக்கிறது. அதற்காக விலை குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். குழல் சுத்தம், நம்பர் சேரும். பார்த்தே வாங்கட்டும்.